ஒரு பித்தளைக் கால் அதிகம்

கதவு ஜன்னலுக்கு வெட்டியதுபோக
மிஞ்சிய அலுமினியச் சட்டங்களை
ஷபீர் பாய் எடைக்குப் போட்டுத் தந்தார்.
"என்னம்மா, கோழிக்கூண்டா?"
கூண்டுதான் பாய், சுவர் கிடையாது.
"அப்போ அதுக்குப் பேர் கூண்டில்ல"
என்றவர் ரம்பத்தை மறுபடி ஓடவிட்டார்.

கீழ்த்தட்டில் பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க்.
மேல்தட்டு கிரானைட்.
கிருஷ்ணகிரியில் நல்ல பலகையைவிட
உடைந்த கல் மலிவு;
யார் வீட்டுச் சமையலறைக்கோ போகவேண்டியது,
ஓரம் போனதால் என்னிடம் வந்தது.
ஒன்பது துளை போடவேண்டும்.
ஆறு போடுவதற்குள் மூன்று டிரில் பிட் தேய்ந்தது,
ஏழாவதில் கல் விரிசல் விட்டது.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.
ஆறு காலில் மதர்போர்டு நிற்கும்.
கொஞ்சம் மூலை தொங்கும், அவ்வளவுதான்.

சுவிட்ச் வைக்கவில்லை.
ஸ்க்ரூ டிரைவர் முனையால்
இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டு
எடுத்துவிட வேண்டும்,
தோசைக்கல் காய்ந்ததா என்று
விரல் பார்க்கிற நேரம்.
முதல்முறை தொட்டபோது
பெங்களூர் ரோட்டில் ஏதோ டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது.
அதற்குள் ஒரு சின்ன பீப்.
எனக்குக் கேட்டது.

ஆனி மாதம்.
எடைமேடைத் திம்மராயன்
மொபெட்டின் முன்னால் சிபியுவை நிற்கவைத்து,
குழந்தையைப் பிடிப்பதுபோல் முழங்காலால் இடுக்கி வந்தார்.
"பதினோரு லாரி நிக்குதுக்கா. எல்லாம் பெங்களூரா மாங்கா.
வெயில் ஏறுனா டிரைவருங்க என்னைய எடை போட்டுருவாங்க."
ஆன் செய்தால் மூன்று நொடி.
பிறகு ஒன்றுமில்லை.
ஓசூரில் போர்டு போச்சு என்றார்களாம்,
ஆறாயிரம் ஆகுமாம்.

எல்லாவற்றையும் கழற்றினேன்.
ராமை ரப்பரால் துடைத்தேன்.
குவாரித் தூசி மாவுபோல் கொட்டியது.
கல்லின் மேல் வெறும் போர்டு, ஒரே ஒரு ராம்.
தொட்டேன்.
பீப்.

"உசுரு இருக்கா?" என்றார் திம்மராயன்.
இருக்கிறது.
டிஸ்க்கைச் சேர்த்தேன், ஓடியது.
இன்னொரு ராம், ஓடியது.
எடைக் கருவியின் வயர் செருகும் பழைய கார்டு,
அதுவும்.
பெட்டிக்குள் பூட்டினேன்,
செத்தது.
வெளியே எடுத்தேன், ஓடியது.
மறுபடி பூட்டினேன்.
இப்படி மூன்று தடவை.
திம்மராயன் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவந்து
இன்னும் மூன்று நொடிதானா என்றார்.

அப்புறம்தான் காலிப் பெட்டியைப் பார்த்தேன்.
அதுவரை பார்க்கவே இல்லை,
பெட்டியில் என்ன பார்க்க இருக்கிறது என்று.
டார்ச் அடித்தால்
போர்டில் துளையே இல்லாத இடத்தில்
ஒரு பித்தளைக் கால்
யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றது.
போர்டின் முதுகைத் திருப்பினேன்:
ஈயப் பொட்டுகளின் மேல்
நகக்கீறல் அளவு மினுக்கம்.

"பெட்டி மாத்துனீங்களா?"
"ஆமா, பழசுல எலி குட்டி போட்டுருச்சு.
போன வாரம் நானே மாத்துனேன்."
"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"
"நீங்க கேக்கலியேக்கா."

குறடால் ஒரு திருகு.
நூற்றைம்பது வாங்கிக்கொண்டேன்.
அந்தக் காலை என் ஏழாவது துளையில் வைத்துப் பார்த்தேன்,
ஆடியது.
டப்பாவில் போட்டேன்.

எட்டரைக்குப் போன்.
"முதல் லாரி எட்டாயிரத்து நாநூத்தி இருபது காட்டுது.
சரியா இருக்குமாக்கா?"
அது எனக்கெப்படித் தெரியும்.
பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஷட்டரை இறக்கும்போது பார்க்கிறேன்,
பவர் சப்ளையின் சூடு இன்னும் ஆறாத கல்லில்
ஆறு பித்தளைக் கால்களுக்கு நடுவே
ஒரு பல்லி
வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறது.
விரட்டவில்லை.
காலையில் அடுத்த போர்டை வைப்பதற்கு முன்
துடைத்துக்கொள்ள வேண்டும்.